காணச் சென்றோரும் உழைக்கச் சென்றோரும்: இத்தாலிய நகரங்களில் நம்மவர் அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

1

தமிழ் ஆய்வாளரின் கவனத்தை அதிகம் பெறாத இலக்கியத் துறைகளில் பயண இலக்கியமும் ஒன்றாகும். நாவலும் சிறுகதையும் சமூக வரலாற்றுப் பின்னணியில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. பயண நூல்களோ பெரும்பாலும் தகவற் களஞ்சியங்களாகவும் பொழுதுபோக்கு வாசிப்புக்கு உரியனவாகவுமே கருதப்பட்டு வந்துள்ளன. எனினும், ஒரு சமூகம் தன்னைத் தவிர்ந்த பிறவற்றை எவ்வாறு நோக்குகிறது என்பதையும், அந்நோக்கின் ஊடாகத் தன்னை எவ்வாறு இனங்கண்டு கொள்கிறது என்பதையும் அறிவதற்கு இத்துறையைப் போன்ற சான்று பிறிதொன்று கிடைப்பது அரிது. பயணி எதைக் கண்டான் என்பதோடு, யாராக இருந்து கண்டான், யாருடைய செலவில் சென்றான், எவ்வாசலால் நுழைந்தான் என்பனவும் ஆராயப்பட வேண்டியவை.

இவ்வகையில் இத்தாலியின் பழம்பெரும் நகரங்கள் சிறப்பான ஓர் எடுத்துக்காட்டாக அமைகின்றன. உரோமாபுரி, வெனிஸ், புளோரன்ஸ், பலெர்மோ ஆகிய நகரங்களை நோக்கி உலகின் பல திசைகளிலிருந்தும் பல நூற்றாண்டுகளாக மக்கள் சென்றுள்ளனர். யாத்திரிகரும் வணிகரும் சென்றனர். கலை பயில்வோரும் குருத்துவ மாணவரும் சென்றனர். இறுதியாக, வேலை தேடுவோரும் சென்றனர். இவர்களுள் நமது பிரதேசத்தைச் சேர்ந்தவர்களும் உளர். அவர்தம் அனுபவங்களை ஐரோப்பியப் பயண மரபோடு ஒப்புநோக்கி, நகரத்தைக் காண்பவனது சமூக நிலைக்கும் அவன் காணும் நகரத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் நமது மரபிலிருந்தே ஒன்றை நினைவுபடுத்திக் கொள்ளலாம். சங்க இலக்கியத்தில் நகரங்களை விவரிப்பவன் யார்? ஆற்றுப்படை நூல்களிலே அவன் பாணனாகவோ, பொருநனாகவோ, கூத்தனாகவோ இருக்கிறான். பசியால் வழிநடப்பவனாக இருக்கிறான். சிறுபாணாற்றுப்படை வஞ்சி, மதுரை, உறந்தை என்னும் மூன்று தலைநகரங்களைப் பேசுகிறது. அதே நூல், உப்பின்றி அவித்த கீரையைக் கதவடைத்து உண்ணும் பாணன் வீட்டு வறுமையையும் பேசுகிறது. நகரத்தின் செழிப்பும் பயணியின் வறுமையும் ஒரே நூலில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. பிழைப்புக்காகச் செல்பவனே நகரத்தைக் காண்பவனாகவும் இருந்தான். காண்பதற்கென்றே செல்லும் ஒருவன் பயண இலக்கியத்தின் தலைவனாக வருவது மிகப் பிந்திய நிகழ்ச்சியாகும்.

2

அத்தகைய பயணியை உருவாக்கியதில் இத்தாலிக்குச் சிறப்பான பங்குண்டு. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பிரபுக் குடும்பத்து இளைஞர் தமது கல்வியின் நிறைவாக ஐரோப்பியச் சுற்றுலா ஒன்றை மேற்கொள்வது வழக்கமாயிற்று. ஆசான் ஒருவர் துணைவர, மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் நீடித்த இப்பயணத்தின் உச்சம் உரோமாபுரியாக இருந்தது. இதற்கான செலவு ஆகாயத்திலிருந்து வந்ததன்று. குடியானவர் செலுத்திய நிலவாடகையும், மேற்கிந்தியத் தோட்டங்களின் அடிமை உழைப்பும், பின்னர் இந்திய வருவாயும் அச்செலவின் ஊற்றுக்களாக இருந்தன. இத்தாலியில் வாங்கப்பட்டு ஆங்கில மாளிகைகளை அலங்கரித்த சிலைகளின் விலையில் நமது கடல்களுக்கு அப்பாலிருந்தும் இப்பாலிருந்தும் எடுக்கப்பட்ட உழைப்பு கலந்திருந்தது.

இம்மரபின் சிகரமாகக் கருதப்படுவது ஜேர்மானியக் கவிஞர் கேத்தேயின் இத்தாலியப் பயணமாகும். வைமர் அரசின் அமைச்சராக இருந்த அவர் 1786 செப்டெம்பரில் எவருக்கும் அறிவியாது புறப்பட்டார். ஓவியர் ஒருவரின் பெயரைப் புனைந்துகொண்டு இத்தாலியை அடைந்தார். 1788 வரை அங்கு தங்கினார். அவரது பிரபு அவருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையை வழங்கியிருந்தார். அக்காலக் கடிதங்களையும் குறிப்புக்களையும் அடிப்படையாகக் கொண்டு அவர் அமைத்த நூலின் முதற் பகுதிகள் 1816, 1817ஆம் ஆண்டுகளில், அதாவது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னரே வெளிவந்தன. எனவே நாம் வாசிப்பது இளமையின் நேரடிப் பதிவன்று. முதுமை தன் இளமையை ஒழுங்குபடுத்திக் கண்ட வடிவம் அது. ஆயினும் கேத்தே வெறும் கல்லை மட்டும் கண்டவரல்லர். பலெர்மோத் தெருக்களின் குப்பையைப் பற்றிக் கடைக்காரர் ஒருவரிடம் விசாரித்து, அதற்கு அவர் சொன்ன ஏளனம் கலந்த விளக்கத்தையும் பதிவுசெய்திருக்கிறார். சிறந்த பயண இலக்கியம் நினைவுச் சின்னங்களிலிருந்து பார்வையைத் தாழ்த்தித் தெருவை நோக்கும்போதே பிறக்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. இருப்புப் பாதை வந்தது. 1860களில் தோமஸ் குக் ஆங்கில நடுத்தர வர்க்கத்தினரைக் கூட்டங் கூட்டமாக இத்தாலிக்கு அழைத்துச் செல்லத் தொடங்கினார். பிரபுவின் தனியுரிமையாக இருந்த அனுபவம் விலைக்கு விற்கப்படும் பண்டமாயிற்று. வழிகாட்டி நூல்கள், எதை எத்தனை நிமிடம் பார்க்க வேண்டும் என்பதையும் வரையறுத்தன. இதே காலத்தில் இதற்கு மாறான ஒரு குரலும் எழுந்தது. 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த வெனிஸ் நகரக் கட்டடக்கலை பற்றிய தமது நூலிலே, ஜோன் ரஸ்கின் கட்டடத்தின் அழகிலிருந்து அதைக் கட்டிய தொழிலாளியின் சுதந்திரத்தை நோக்கி வாதத்தைத் திருப்பினார். அவ்வாதம் வில்லியம் மொறிசைக் கவர்ந்தது. அவ்வழியே, யாழ்ப்பாணத் தமிழ்ப் பூர்வீகத்தையுடைய ஆனந்த குமாரசுவாமியையும் அது அடைந்தது. 1908இல் வெளிவந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், கைவினைஞனை மையமாகக் கொண்டு கலையை நோக்கிய இச்சிந்தனையின் கிளையாகும். ரஸ்கினும் மொறிசும் முதலாளித்துவத்தை எதிர்ப்பதற்கு மத்திய காலத்தை இலட்சியமாக்கினர் என்னும் குறை உண்டு. எனினும், கல்லைக் கண்டவிடத்துக் கல்தச்சனைக் காணும் பழக்கத்தை அவர்கள் பயணிக்குக் கற்பித்தனர் என்பது மறக்கத்தக்கதன்று.

3

இத்தாலிய நகரங்களுக்கும் நமது கடற்கரைகளுக்கும் இடையிலான போக்குவரவு இவற்றுக்கெல்லாம் மிக முற்பட்டது. 1945இல் மோட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் நடத்திய அகழ்வில், இத்தாலியின் அறெற்சோ நகர மரபைச் சேர்ந்த செந்நிற மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. அவற்றிலே குயவர் முத்திரைகள் காணப்பட்டன. இவ்வகை மட்பாண்டங்களை வனைந்தோருட் பலர் அடிமைகள் என்பதைப் பொதுவாக இம்முத்திரைகள் வழியே ஆய்வாளர் அறிந்துள்ளனர். இத்தாலிய நகரத்திலிருந்து தமிழ்க் கரையை வந்தடைந்த பெயர்களுள் மிகப் பழையவை மன்னர்களின் பெயர்கள் மட்டுமல்ல. உழைப்பாளிகளின் பெயர்களும் அவற்றுள் அடங்கும் என்பது சிந்தனைக்குரியது.

பின்வந்த நூற்றாண்டுகளில் அந்நகரங்களிலிருந்து மனிதரும் வந்தனர். வெனிஸ் நகரத்து வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரையையும் இலங்கையையும் கண்டார். 1298இல் ஜெனோவாச் சிறையில் இருந்தபோது அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட நூலிலே முத்துக்குளிப்புப் பற்றிய பகுதி குறிப்பிடத்தக்கது. அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறா முதலியவற்றை மந்திரத்தாற் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு என்று அவர் கணக்கிடுகிறார். வணிகனின் கண் அது. முத்தின் ஒளியை விட முத்தின் பங்கீடு அக்கண்ணுக்கு முதலிற் பட்டது. அவருக்குப் பின் றொபேட் டி நொபிலி, வீரமாமுனிவர் என்னும் பெஸ்கி முதலிய இத்தாலியர் வேறு நோக்குடன் வந்தனர். நொபிலி தமது முதுமையிற் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்தவர்.

எதிர்த்திசையில், அதாவது நமது பக்கத்திலிருந்து இத்தாலிக்குச் சென்று அதனை எழுத்தில் வடித்த முயற்சியுள் காலத்தால் முந்தியது மலையாளத்துக்கு உரியது. பாறேம்மாக்கல் தோமாக் கத்தனார் எழுதிய வர்த்தமானப்புஸ்தகம் இந்திய மொழிகளில் தோன்றிய முதற் பயண நூலாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1778இல் அவரும் கரியாட்டில் யோசேப்பு மல்பானும் கேரளத்துக் கத்தோலிக்கரின் முறையீட்டைச் சுமந்துகொண்டு புறப்பட்டனர். தமிழகத்தினூடாகச் சென்னையை அடைந்து கப்பலேறினர். ஆபிரிக்க முனையைச் சுற்றி லிஸ்பன் சென்று, 1780இன் தொடக்கத்தில் உரோமாபுரியை அடைந்தனர். அங்கு ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினர். 1622இல் நிறுவப்பட்ட விசுவாசப் பரப்புதற் சபையே அவர்கள் முறையிடச் சென்ற இடம். அச்சபையின் கல்லூரியிலேயே கரியாட்டில் இளமையிற் பயின்றிருந்தார். ஆயினும் அவர்கள் ஐயத்துடன் நோக்கப்பட்டனர், காக்க வைக்கப்பட்டனர், விண்ணப்பதாரருக்குரிய அவமதிப்புக்களை அனுபவித்தனர்.

இவ்வனுபவம் நூலின் தன்மையைத் தீர்மானித்தது. கத்தனார் உரோமாபுரியின் ஆலயங்களைக் கண்டு வியக்கிறார். அது பக்தனின் வியப்பு. அவ்வியப்பினூடே, தம் மக்களைத் தம்மவரே ஆளவேண்டும், அந்நியர் ஆளுதல் தகாது என்னும் வாதமும் வலுப்பெறுகிறது. கேத்தே உரோமாபுரிக்குச் செல்வதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, அதே நகரத்தின் வரவேற்பறைகளிற் காத்திருந்த ஓர் ஆசியர், அந்நகரத்தின் அதிகாரத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஜேர்மானியரின் நூல் உலக இலக்கியமாயிற்று. கத்தனாரின் கையெழுத்துப் பிரதியோ 1936 வரை அச்சுவாகனம் ஏறவில்லை. இவ்வேறுபாடு இலக்கியத் தரத்தினால் மட்டும் விளைந்ததன்று.

4

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வகைப் பயணி தோன்றுகிறான். அவன் விருந்தினன். 1926இல் இரவீந்திரநாத் தாகூர் முசோலினி அரசின் அழைப்பின் பேரில் இத்தாலி சென்றார். நேப்பிள்ஸில் இறங்கிய அவர் உரோமாபுரி, புளோரன்ஸ், தூரின் முதலிய நகரங்களிற் சிறப்பாக வரவேற்கப்பட்டார். பத்திரிகைகள் அவரது சொற்களைப் பாசிச ஆட்சிக்கான பாராட்டாகத் திரித்து வெளியிட்டன. பின்னர் சுவிட்சர்லாந்தில் றோமேன் றோலந்தைச் சந்தித்தபோதும், நாடு துறந்த இத்தாலியரிடம் பேசியபோதும் தாம் காணாத இத்தாலியைப் பற்றித் தாகூர் அறிந்துகொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் மன்செஸ்டர் கார்டியன் பத்திரிகையில் வெளியான கடிதத்தின் மூலம் பாசிசத்தினின்றும் தம்மை விலக்கிக்கொண்டார்.

1931 டிசெம்பரில் வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பிய காந்தியடிகளும் உரோமாபுரியிற் சிறிது தங்கினார். முசோலினியைச் சந்தித்தார். பாப்பரசர் அவரைச் சந்திக்கவில்லை. வத்திக்கானின் சிஸ்ரைன் ஆலயத்தில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் உருவத்தின் முன் அவர் உள்ளம் உருகி நின்றார். அவர் கப்பலேறிய பின், அவர் கூறாத கூற்றுக்களை அவர் கூறியதாக ஓர் உரோமப் பத்திரிகை வெளியிட்டது. அவர் அதனை மறுக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. காட்டப்படுவது வேறு, இருப்பது வேறு. அரசொன்றின் விருந்தினனாகச் செல்பவன் எத்துணைக் கூரிய அறிவுடையவனாயினும் தன் கண்ணை ஓரளவு அவ்வரசிடம் ஒப்படைத்து விடுகிறான். இதனை வலதுசாரிகளுக்கு மட்டும் உரிய குறைபாடாக நாம் கொள்ளலாகாது. சோஷலிச நாடுகளுக்கு விருந்தினராகச் சென்று திரும்பிய நமது முற்போக்கு எழுத்தாளர் எழுதியவற்றிலும் காட்டப்பட்டதே கண்டதாக அமைந்துவிட்ட இடங்கள் பல. தாகூரின் பெருமை அவர் ஏமாறாதிருந்ததில் இல்லை. ஏமாந்ததை அறிந்தவுடன் வெளிப்படையாக எழுதியதிலே இருக்கிறது. அவ்வகையான திருத்தக் கடிதங்கள் நமது பயண இலக்கியத்தில் அரிதாகவே காணப்படுகின்றன.

5

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, இத்தாலிய நகர அனுபவம் தமிழாய்வின் வரலாற்றோடு நேரடியாகப் பிணைந்திருப்பது தனிநாயகம் அடிகளாரின் வாழ்விலாகும். 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பொன்னிற் பிறந்த அவர் 1934இல் உரோமாபுரி சென்றார். கத்தனாரும் கரியாட்டிலும் முறையிட்ட அதே சபையின் கல்லூரியிற் பயின்றார். 1938இல் அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1939இல் அந்நகரை விட்டு நீங்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் ஒரே நிறுவனத்தின் வாசலைத் தென்னாசியர் மீண்டும் மீண்டும் மிதித்தமை, பயணம் என்பது தனிமனித விருப்பத்தினால் மட்டும் நிகழ்வதன்று என்பதைக் காட்டுகிறது. நிறுவனங்கள் பாதை அமைக்கின்றன. மனிதர் அப்பாதையில் நடக்கின்றனர்.

அந்த ஐந்தாண்டுகளின் உரோமாபுரி எத்தகையது? 1935 ஒக்டோபரில் இத்தாலி எதியோப்பியாவின் மீது படையெடுத்தது. 1936 மே மாதத்தில் முசோலினி பேரரசைப் பிரகடனம் செய்தார். அக்சும் நகரத்திலிருந்து கவர்ந்து வரப்பட்ட தொன்மையான கற்றூண் 1937இல் உரோமாபுரியில் நிறுவப்பட்டது. அது எதியோப்பியாவுக்குத் திரும்பியது 2005இலேயே. இவையனைத்தும் நடந்துகொண்டிருக்கையில் இத்தாலியக் கொம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிறாம்சி பத்தாண்டுக்கு மேற்பட்ட சிறைவாழ்வால் உடல் நலிந்து, 1937 ஏப்பிரல் 27இல் அதே நகரத்தின் மருத்துவமனை ஒன்றில் உயிர்நீத்தார். கரம்பொன்னின் மாணவரும் சார்டீனியாவின் சிந்தனையாளரும் ஒரு நகரத்தில் ஒரே காலத்தில் இருந்தனர். ஒருவரை ஒருவர் அறிய வாய்ப்பிருக்கவில்லை. நகரம் ஒன்றாயினும் அதனுள் இருப்போருக்கு அது ஒன்றன்று என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

மேலும் ஒன்று. பழமையின் உருவமாக இன்று பயணிகள் படம் பிடிக்கும் உரோமாபுரியின் சில பகுதிகள் பழமையானவை அல்ல. கொலோசியத்திலிருந்து வெனிசியாச் சதுக்கம் வரை செல்லும் அகன்ற வீதி 1932இல் முசோலினியால் திறக்கப்பட்டது. அதற்காக மக்கள் நெருக்கமாக வாழ்ந்த குடியிருப்புக்கள் இடிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்த ஏழை மக்கள் நகரின் புறஞ்சேரிகளுக்குத் துரத்தப்பட்டனர். புனித பேதுரு ஆலயத்தை நேர்முகமாகக் காட்டும் வீதிக்கான இடிப்பு வேலை 1936இல், அடிகளார் அங்கு மாணவராக இருந்த காலத்தில், தொடங்கிற்று, 1950இலேயே முடிவுற்றது. சின்னங்களைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை அகற்றப்பட்ட பின்னரே சின்னங்கள் தனித்துத் தெரியலாயின. வரலாற்று நகரம் என்பது கடந்த காலம் நமக்கு விட்டுச் சென்றது மாத்திரமன்று. ஒவ்வொரு காலத்து ஆளும் வர்க்கமும் தன் தேவைக்கேற்பக் கடந்த காலத்திலிருந்து தெரிந்தெடுத்து அமைப்பதும் அதுவே.

அடிகளாரின் பின்னைய பணி இப்பின்னணியிலே புதிய பொருள் பெறுகிறது. உரோமாபுரியிலிருந்து திரும்பிய பின், திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி புரிந்தபோதே அவர் தமிழிலக்கியத்தில் ஆழ்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அதனை முறையாகக் கற்றார். உலகத்தைக் கண்டபின் தம் மொழியைக் கண்டவர் அவர். 1950களில் அவர் மீண்டும் ஐரோப்பிய நூலகங்களை நாடியபோது, அவரது தேடல் ஓவியங்களையும் தூண்களையும் பற்றியதன்று. அந்தாம் டி புரோஎன்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை அவர் வத்திக்கான் நூலகத்திற் கண்டார். கேரளத்து அம்பலக்காட்டில் 1679இல் அச்சிடப்பட்டதும் 16,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டதுமான அவ்வகராதி, அவரது முயற்சியால் 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக நிழற்படப் பதிப்புப் பெற்றது. மற்றவர் தம் பேரரசின் வெற்றிச் சின்னங்களைக் கண்ட நகரத்தில், அவர் தம் மக்களின் இடம்பெயர்ந்த சொற்களைக் கண்டார். ஒன்றே உலகம் என்னும் பயண நூலில் வெளிப்படும் மானிட ஒருமைப்பாட்டு நோக்கு இவ்வனுபவங்களின் விளைபொருளாகும். அந்நோக்கு வர்க்க முரண்பாட்டைக் கணக்கிற் கொள்ளாதது எனலாம். ஆயினும், ஐரோப்பாவைக் கண்டு தாழ்வுறாமலும் தற்பெருமை பேசாமலும் சமநிலையில் நின்று ஒப்பிட்ட அதன் பண்பு இன்றும் பயிலத்தக்கது.

6

இதுவரை கூறப்பட்டோர் அனைவரும் எழுதியோர். அல்லது அவரைப் பற்றிப் பிறர் எழுதியோர். எண்ணிக்கையால் அவர்களை விடப் பன்மடங்கு பெரிய ஒரு கூட்டம் 1980கள் முதல் இத்தாலிய நகரங்களுக்குச் சென்றுள்ளது. இலங்கையரிலே சிலாபம், வென்னப்புவ முதலிய பகுதிகளைச் சேர்ந்த சிங்களக் கத்தோலிக்கர் பெருந்தொகையினர் மிலான், நேப்பிள்ஸ் முதலிய நகரங்களைச் சென்றடைந்தனர். 1983ஆம் ஆண்டு இனவன்செயலின் பின் புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்தவரில் ஒரு பகுதியினர் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் நிலைகொண்டனர். ஜேர்மனிக்கோ சுவிட்சர்லாந்துக்கோ செல்லும் வழியிற் சிறிது தங்க நினைத்தவர் பலர். அச்சிறிது காலம் வாழ்நாளாயிற்று. 1986, 1990ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அவர்களுட் பலருக்கு வதிவிட உரிமை பெற வழிசெய்தன.

அவர்களிற் பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலை வீட்டு வேலை. நடுத்தர வர்க்கத்து வீடுகளைத் துடைத்தல், சமைத்தல், முதியோரைப் பராமரித்தல் என்பன அவ்வேலைகள். ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ இங்கு இருந்தவரும் அவ்வேலையையே ஏற்க வேண்டியிருந்தது. வீட்டு வேலையைத் தாழ்ந்த சாதியாருக்கு உரியதென்று ஒதுக்கிய சமூகம் ஒன்றின் உறுப்பினர், அவ்வேலையைக் கொண்டே பிள்ளைகளைப் படிப்பித்தனர். இங்கு வீடுகளையும் கட்டினர். பலெர்மோவின் வேலை எவ்வகையது என்பதை யாழ்ப்பாணக் குடும்பங்கள் தம் ஊராருக்கு எப்போதும் வெளிப்படையாகக் கூறியதில்லை. இம்மௌனமே நமது சாதியமைப்பின் ஓர் ஆவணம்.

அவர்கள் குடியேறிய இடமும் கவனிக்கத்தக்கது. பலெர்மோவின் பழைய நகரம் 1943இல் நேச நாடுகளின் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. போரின் பின் கட்டட ஒப்பந்தக்காரரும் அரசியல்வாதிகளும் மாபியாக் கும்பல்களும் கூடி நகரத்தின் புறத்தே அடுக்குமாடிகளை எழுப்ப, வசதியுள்ளோர் அங்கு பெயர்ந்தனர். சிதைந்த மாளிகைகளும் இடிந்த வீடுகளும் நிறைந்த நடுநகரம் வறியோருக்கு விடப்பட்டது. பல்லாறோச் சந்தையைச் சூழ்ந்த அத்தெருக்களிலேதான் பிற நாட்டுத் தொழிலாளரோடு நம்மவரும் வாடகைக்கு வீடு பெற்றனர். பயணி நுழைவுச் சீட்டு வாங்கிக் காணும் வரலாற்றின் உள்ளே, ஒழுகும் கூரையின் கீழ், இவர்கள் குடியிருந்தனர்.

கிறாம்சி 1926இல் எழுதிய, தென்னிலப் பிரச்சினை பற்றிய கட்டுரையை இவ்விடத்து நினைவுகூரல் பொருத்தமாகும். வட இத்தாலிய முதலாளித்துவம் தென்னிலத்தையும் தீவுகளையும் சுரண்டலுக்குரிய குடியேற்ற நாடுகள் போல் ஆக்கிவைத்தது என்பது அவர் காட்டிய உண்மை. 1876 முதல் 1976 வரையான நூற்றாண்டில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட இத்தாலியர் பிழைப்புத் தேடி நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களிற் பெருந்தொகையினர் தென்னிலத்தவர். வேலை தேடி வெளியேறுவதையே வரலாறாகக் கொண்ட சிசிலி, இன்னொரு தீவின் வடமுனையிலிருந்து வேலை தேடி வந்தோரை ஏற்றது. இரு சாராரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்கு இப்பொது அனுபவம் ஓரளவு துணைபுரிந்திருக்கலாம். ஆயினும் முன்னாள் வறியோனின் வீட்டைத் துடைப்பவன் இந்நாள் வறியோனே என்னும் உலக முதலாளித்துவத்தின் தொடர்ச்சியை அது மாற்றிவிடவில்லை.

பலெர்மோ நகரத்தின் அருகே பெல்லெக்கிரினோ மலை உண்டு. 1624ஆம் ஆண்டுக் கொள்ளை நோயிலிருந்து நகரத்தைக் காத்தவராகப் போற்றப்படும் புனித றோசாலியாவின் குகைக் கோயில் அம்மலையில் இருக்கிறது. 1787 ஏப்பிரலில் கேத்தே அங்கு சென்றார். குகையின் எளிமையும், கிடந்த கோலத்திலுள்ள புனிதையின் உருவமும் அவரைக் கவர்ந்தன. அழகுணர்ச்சி மிக்க பக்கங்களாக அவற்றை வடித்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின், அதே மலையில் யாழ்ப்பாணத் தமிழர் ஏறலாயினர். அவர்களுட் கத்தோலிக்கர் உளர். சைவரும் பெருமளவில் உளர். சைவத் தமிழர் இப்புனிதையிடம் நேர்த்தி வைத்து மலையேறுவதை இத்தாலிய ஆய்வாளர் ஆர்வத்துடன் பதிவுசெய்து வந்துள்ளனர்.

இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நமது இயக்கத்தில் ஒரு காலத்தில் அவ்வாறுதான் செய்திருப்போம். இதயமற்ற உலகத்தில் மதம் வகிக்கும் இடத்தை மார்க்ஸ் எத்துணைப் பரிவோடு நோக்கினார் என்பதை மறந்த வரட்டு வாதமாகவே அது அமையும். மொழி தெரியாத நகரத்தில், வதிவிட அனுமதிக்காகக் காத்திருப்பவளுக்கு அம்மலை மாவிட்டபுரத்தின் இடத்தை நிரப்பியது. நல்லூரின் இடத்தை நிரப்பியது. அதற்கு மேலாக, எசமானியின் வீட்டில் பின்வாசலால் நுழைபவள் அம்மலையில் எசமானியோடு ஒரே வழியில் ஏறினாள். கேத்தே கண்ட குகையும் இவள் கண்ட குகையும் கல்லால் ஒன்றே, பொருளால் வேறு. முன்னவருக்கு அது ஒரு காட்சி. இவளுக்கோ அந்நகரம் தன்னை மனிதப் பிறவியாக ஏற்ற ஓரிடம்.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, வரலாற்று நகரம் என்பது காண்போன் எவனாயினும் ஒரே வகையாகத் தோன்றும் நிலையான பொருளன்று. பிரபு, வணிகன், விண்ணப்பதாரன், அரச விருந்தினன், குருத்துவ மாணவன், வீட்டுத் தொழிலாளி ஆகிய ஒவ்வொருவரும் தத்தம் சமூக உறவுகளின் ஊடாகவே அதனைக் கண்டனர். இரண்டாவது, இந்நகரங்கள் இன்று காட்சிப் பண்டங்களாக மாறுவதால் அங்கு வாழ்வோரே வெளியேற்றப்படுகின்றனர். 1951இல் வெனிஸின் தீவு நகரத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே சென்றது. 2024இல் ஒருநாட் பயணிகளிடம் குறிப்பிட்ட நாட்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடும் முறையும் தொடங்கிற்று. மனிதர் வாழும் நகரத்துக்கு நுழைவுச் சீட்டு வழங்கப்படும் போது, அங்கு எஞ்சியிருப்பது நகரமா, நூதனசாலையா என்ற வினா எழுகிறது. மூன்றாவது, எண்ணிக்கையால் மிகப் பெரிய பயணிகளே எழுத்தில் மிகக் குறைவாக இடம்பெற்றுள்ளனர்.

இம்மூன்றாவது முடிவு நமது பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடமையை விதிக்கிறது. திருநெல்வேலியிலுள்ள நமது வளாகத்தைச் சூழ்ந்த ஒழுங்கைகளில் எழுந்துள்ள வீடுகளுட் பல புலம்பெயர்ந்தோரின் உழைப்பால் எழுந்தவை. அவற்றின் அலுமாரிகளில் நீலநிற வான்கடிதங்களும், குரல் பதிந்து அனுப்பப்பட்ட ஒலிநாடாக்களும், ஆலயங்களின் முன்னும் நீரூற்றுக்களின் முன்னும் நின்று எடுத்த புகைப்படங்களும் இருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை அணிந்து பேராலயத்தின் முன் நிற்கும் அப்படங்களில் வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் இல்லை. அந்த ஆறு நாட்களையும் கடிதங்களும் குரல்களுமே சொல்லும். முதலில் சென்ற தலைமுறையினர் முதுமையை அடைந்துவிட்டனர். ஒலிநாடாக்கள் பூஞ்சணம் பிடித்துப் போகின்றன. அங்கு பிறந்த பிள்ளைகள் இத்தாலிய மொழியிற் சிந்திக்கின்றனர்.

கத்தனாரின் கையெழுத்துப் பிரதி அச்சேற ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. புரோஎன்சாவின் அகராதியை மீண்டும் வெளிக்கொணர ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. இத்தொழிலாளரின் சொற்களுக்கு அத்துணை நீண்ட ஆயுள் இல்லை. வத்திக்கான் நூலகம் அவற்றைப் பாதுகாக்கப் போவதுமில்லை. நமது மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு குடும்பத்தை அணுகி, அனுமதி பெற்று, அக்கடிதங்களைப் படியெடுக்கவும் அக்குரல்களை எழுத்தில் வடிக்கவும் முன்வருவாராயின், தமிழ்ப் பயண இலக்கியத்தின் எழுதப்படாத பெரும் பகுதி நமக்குக் கிட்டும். பாணனுக்கு ஓர் ஆற்றுப்படை இருந்தது. பலெர்மோவுக்குப் போனவளுக்கும் ஒன்று இருத்தல் வேண்டும்.